மருந்து ஏதும் இல்லாதவனுக்கு ஒரு மருந்துத் திட்டம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து மேசையிலிருந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

எங்கள் ஊர் நூலகத்தில், வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரத்து மேசையில் உட்கார்ந்துதான் நான் எழுதுவது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எனக்கு அடுத்த மேசையை முதியோர் அலுவலகத்துக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு கிடைக்கும் அறுபத்தைந்து வயதை எட்டியவர்கள் அடுத்த வருடத்துக்கு எந்த மருந்துத் திட்டம் வேண்டும் என்று சொல்லித் தொலைக்க வேண்டிய பருவம் அது. டிசம்பர் ஏழாம் தேதியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். நடுவில் ஒரு தட்டி நிற்கும். முகத்தை மறைக்கும், குரலை மறைக்காது.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கேட்டாள்.

“என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?”

“எதுவுமில்ல.”

“ரத்த அழுத்தத்துக்கு?”

“இல்ல.”

“சர்க்கரைக்கு?”

“இல்லம்மா.”

“ராத்திரி தூக்கத்துக்கு?”

“ஒரு பிராந்தி. அது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கா?”

அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள், “சரி, அடுத்த வருஷம் ஏதாச்சும் சாப்பிட வேண்டி வருமா?”

பதிலாக நாற்காலி பின்னால் இழுபட்ட சத்தம்தான் வந்தது. நான் தலையை நீட்டிப் பார்ப்பதற்குள் கதவு ஆடி அடங்கிக்கொண்டிருந்தது.

நான் கேட்டது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. உண்மை வேண்டும் என்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

2

தொடக்கம் என்று ஒன்றை எழுதுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. நாற்பது வருடம் ஆலை முற்றத்தில் கட்டை உருட்டியவனுக்குச் சொல்லை உருட்டுவது வேறு மாதிரி வலிக்கிறது. விட்டெறிந்தவற்றில் மூன்றை இங்கே வைக்கிறேன்.

“அறுபத்தேழு வயது வரைக்கும் நார்பர்ட் க்லிமெக் ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை.” [வேண்டாம். இப்படித் தொடங்கினால் கடைசியில் அவன் விழுந்துவிடுவான் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும்.]

“இடுப்பு எலும்பு தேய்ந்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்த நார்பர்ட்” [இதுவும் வேண்டாம். வலி இருக்கிறவன் மருந்துக்குத் தலையாட்டிவிடுவான். எனக்கு வலியே இல்லாதவன் வேண்டும்.]

“மனைவி வெர்னா இறந்தபின் வந்த இரண்டாவது குளிர்காலத்தில்” [இழவு வீட்டில் கதை சொல்வது சுலபம். கேட்பவர்கள் முன்கூட்டியே அழுதுகொண்டிருப்பார்கள். வெர்னாவை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். வந்தவள் சும்மா இருக்கவில்லை.]

அவர் என்று எழுதிப் பார்த்தேன், தள்ளிப் போய் நின்றுகொண்டான். ஆகவே அவன்.

அவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். நார்பர்ட், எங்கள் காகித ஆலையில் உருளை இயந்திரத்தில் நின்றவன். ஓய்வு பெற்று இரண்டு வருடம். வீட்டு விறகுக் கட்டையைத் தானே பிளந்து அடுக்குவான், வெள்ளிக்கிழமைதோறும் ஊர் விடுதியில் போடும் மீன் வறுவலுக்கு நடந்தே போவான், வாய் நிறைய சொந்தப் பல். ஓய்வு பெற்றபோதே மருந்துத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை. “சாப்பிடாத சோத்துக்கு எவனாவது காசு குடுப்பானா?” என்றான். சேராமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சிறு தண்டம் முளைத்து, பின்னால் சேரும்போது சாகும்வரை ஒட்டிக்கொண்டே வரும் என்று வெர்னா படித்துப் படித்துச் சொன்னாள்.

“சாகிறவரைக்கும்தானே?” என்றான்.

3

அக்டோபரில் வருடாந்திரப் பரிசோதனை. ஒருகாலத்தில் புகைத்தவன் என்பதால் வயிற்றை ஒரு தடவை படம் பிடித்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். பார்த்தார்கள். அடிவயிற்றில் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில், நைந்த சைக்கிள் டியூப் போல, உப்பிக்கொண்டிருந்தது.

“எனக்கு வலியே இல்லையே டாக்டர்,” என்றான்.

“வலிக்க ஆரம்பிச்சா நாம உட்கார்ந்து பேச நேரம் இருக்காது,” என்றாள் அந்த மருத்துவர். அவன் மகளாக இருக்கக்கூடிய வயது. “திறந்து, அந்த இடத்துல வேற குழாய் வெச்சுத் தைக்கணும். பெரிய ஆபரேஷன்தான். சீக்கிரம் பண்ணிடலாம்.”

“மான் வேட்டை முடியட்டும்.”

(எங்கள் ஊரில் இதைச் சொன்னால் அதற்கு மேல் யாரும் வாதாடுவதில்லை. கல்யாணத்தையே தள்ளி வைத்திருக்கிறார்கள்.)

“பாரம் தூக்கக் கூடாது. மானை இழுக்கவே கூடாது.”

“சமைக்கலாமா?”

“சமைக்கலாம்.”

கிறிஸ்துமஸும் குறுக்கே வந்தது. ஜனவரி இரண்டாம் வாரம் என்று நாள் குறித்தார்கள். எழுந்தபின் என்னென்ன மாத்திரை, எத்தனை காலம் என்று கேட்டாள் வெர்னா. அதை அப்போதுதான் சொல்ல முடியும் என்றாள் மருத்துவர். சில பேருக்குக் கொஞ்சம், சில பேருக்கு ஆயுசு முழுக்க.

ஆக, சிக்கல் இவ்வளவுதான். ஜனவரியில் என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது. டிசம்பர் ஏழுக்குள் சேராவிட்டால் அடுத்த வருடம் முழுவதும் கைவிரிப்புதான். வயிற்றைத் திறப்பதற்கு முன்னால், திறந்த பிறகு தான் யாராக இருப்போம் என்று அவன் சொல்லியாக வேண்டும்.

வண்டியில் திரும்பும்போதே வெர்னா தொடங்கிவிட்டாள்.

“நூலகத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்து எல்லாருக்கும் பார்த்துச் சொல்றாளாம். போய் சேர்ந்துட்டு வந்துடு.”

“போறேன்.”

“போறேன்னா?”

“போறேன்னா போறேன்.”

போனான். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்.

4

வேட்டைக் குடிசை. இந்தப் பகுதி தானாக எழுதிக்கொண்டது, நான் பேனாவைப் பிடித்திருந்ததோடு சரி.

ஐந்து கிழவர்கள். எல்லாரும் ஒரே ஆலை, ஒரே தொழிற்சங்கம். காலையில் இன்னும் இருட்டு விலகவில்லை. நார்பர்ட் இரும்புச் சட்டியில் உருளைக்கிழங்கும் தொத்திறைச்சியும் வதக்கிக்கொண்டிருந்தான். முட்டை தட்டுக்கு வந்ததும் நான்கு பேரும் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஆளுக்கொரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்கள். கிழமைக்கு ஒரு மூடி போட்ட மாத்திரை டப்பா. டக், டக், டக் என்று மூடிகள் திறந்தன. துப்பாக்கியில் தோட்டா போடுவதைப் போல அவ்வளவு கவனமாக எண்ணி எடுத்துக்கொண்டார்கள்.

ஹார்லன் தொடங்கினான். உருளை இயந்திரத்தில் நார்பர்ட்டுக்கு எதிரே முப்பது வருடம் நின்றவன்.

“ஏன்டா நார்ப், இன்னிக்கு என்ன கிழமைன்னு எங்களுக்கு டப்பா சொல்லிடும். உனக்கு யாருடா சொல்றது?”

“உன் குறட்டை சொல்லும். ஞாயித்துக்கிழமைன்னா தேவாலயத்துல கேட்கும்.”

“சிரிங்கடா, சிரிங்க. இவன் ஒரு நாளைக்கு மொத்தமா விழுங்கப் போறான் பாரு,” என்றான் ஹார்லன்.

“அவனுக்கு மாத்திரை எதுக்கு? வெர்னா திட்டுறதே மூணு வேளை மருந்து,” என்றான் இன்னொருவன்.

நார்பர்ட் சிரித்தான். சட்டியைக் கிளறினான். வயிற்றுக்குள் இருப்பதை அவர்களிடம் சொல்லவில்லை. முதுகுப் பிடிப்பு, அதனால்தான் இந்த வருடம் சமையல்காரன் என்று சொல்லியிருந்தான்.

தட்டுகளை அவன் கழுவும்போது ஹார்லன் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“நிஜமாவே இன்னும் சேரலியா? முட்டாள்தனம் பண்ணாத. எதுன்னு தெரியலன்னா என் திட்டத்தையே எடுத்துக்கோ. ஒரே ஆலை, ஒரே வேலை. எனக்குப் பொருந்துறது உனக்குப் பொருந்தாதா?”

“பேர் சொல்லு.”

ஹார்லன் சொன்னான். நார்பர்ட் மனதில் வாங்கிக்கொண்டான்.

* பக்கத்து ஆளின் திட்டத்தையே தனக்கும் கேட்பதை எங்கள் ஆட்கள் மட்டுமே செய்வார்கள், அதனால் ஒரு வார்த்தை. ஆலையில் எவனும் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. சங்கம் போய் மேசையில் குத்திவிட்டு வரும், எல்லாருக்கும் ஒரே காப்பீடு, ஒரே அட்டை. பிள்ளை பெற்றாலும் விரல் போனாலும் அதே அட்டை. ஓய்வு பெற்றபின் ஒவ்வொருவனையும் தனித்தனியாக ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்து “உனக்கு எது?” என்று கேட்டால், பக்கத்தில் நிற்பவனைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம்தான் கழுத்தில் இருக்கிறது.

6

(ஐந்தைக் கிழித்துவிட்டேன். நார்பர்ட்டின் அப்பா முதல் மாத்திரையை விழுங்கிய வாரத்திலேயே இறந்துபோனார் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தேன். இவன் மருந்துக்கு ஏன் பயப்படுகிறான் என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று கட்டியது. நிற்கவில்லை. மனுஷன் எல்லாவற்றுக்கும் அப்பனைக் காரணம் காட்டிக்கொண்டிருக்க முடியாது.)

என் எண்ணமெல்லாம் இவனுக்கு வீம்பு என்பதுதான். மாத்திரை சாப்பிடாத ஒரே ஆள் என்ற பட்டத்தை இழக்க மனமில்லை. அப்படி நினைத்துக்கொண்டே அவனை டிசம்பர் வரைக்கும் இழுத்து வந்தேன். கடைசி நாளுக்கு முந்தின நாள், முதல் பெரிய பனி விழுந்த காலையில், வெர்னாவைக் கார் கொட்டகைக்குள் அனுப்பினேன். அவள் அங்கே போய் இவனை இரண்டு திட்டுத் திட்டவேண்டும், கதை நகரவேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

உள்ளே போனவள் நின்றுவிட்டாள். பனி ஒதுக்கும் பழைய இயந்திரத்தைக் காணோம். கயிற்றை இழுத்து இழுத்து உயிர் கொடுக்க வேண்டிய அந்தக் கிழட்டு எருமையை, இருபது வருடமாக, யாரையும் தொட விடமாட்டான். அந்த இடத்தில் சின்னதாக, புதிதாக, சிவப்பாக ஒன்று நின்றது.

“பழசு எங்க?”

“குடுத்துட்டேன்.”

“குடுத்துட்டியா? என்னைக் கவனிச்சதைவிட அதிகமா அதுக்கு எண்ணெய் போட்டியே!”

“இது லேசு. பொத்தானை அமுக்கினா போதும். இங்க வா, அமுக்கிப் பாரு.”

“நான் எதுக்கு அமுக்கணும்?”

“கையுறையைக் கழட்ட வேண்டாம். அப்படியே அமுக்கலாம். பாரேன்.”

வெர்னா அமுக்கவில்லை. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயை மூடும் திருகில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. உயரத்துப் பலகையில் இருந்த சாமான்களெல்லாம் அவள் கைக்கு எட்டும் பலகைக்கு இறங்கியிருந்தன. பிளந்த கட்டை இரண்டு குளிர்காலத்துக்குக் காணும். அதுவும் சிறு சிறு துண்டாக, அவள் ஒரு கையால் தூக்கும் அளவுக்கு.

“நார்ப். என்ன பண்ணிட்டிருக்கே?”

“குளிர்காலத்துக்குத் தயார் பண்றேன்.”

“யாருக்கு?”

அவன் துணியால் கையைத் துடைத்தான். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

“அந்த மருந்துத் திட்டத்துல ஏன் சேரலேன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே,” என்றான். “மருந்துங்கிறது எழுந்து வர்றவனுக்குத்தானே வெர்னா.”

இந்த வரியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எழுதி முடித்து, மறுபடி வாசித்தபோதுதான் எனக்கே விளங்கியது. வீம்பு என்று நினைத்து எழுதிய பக்கங்களையெல்லாம் போய்ப் பார்த்தேன். மீன் வறுவல், சொந்தப் பல், பிராந்தி நகைச்சுவை. அடிக்க மனம் வரவில்லை. பயந்தவன் அப்படித்தான் பேசுவான், அப்படியே கிடக்கட்டும்.

வெர்னா போய் அந்தப் பொத்தானை அமுக்கினாள். இயந்திரம் அலறியது. தகரக் கொட்டகை அதிர அதிர, அவள் அவன் முகத்துக்கு நேராக என்னவோ கத்தினாள். முழு வாக்கியம், நீளமான வாக்கியம். பிறகு அணைத்தாள்.

“என்ன சொன்னே? கேக்கல.”

“ஒண்ணுமில்ல.”

(எனக்கும் கேட்கவில்லை. நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் வாழ்த்து அட்டையில் அச்சடித்தது போல வந்தன. அவள் கத்தியது அவர்களுக்குள் இருக்கட்டும்.)

“நாளைக்கு நானும் வர்றேன்,” என்றாள். “கோட்டைத் தேடி எடுத்து வை.”

7

கடைசி நாள். நூலகத்தில் வரிசை புத்தக அலமாரி வரைக்கும் வளைந்து நின்றது. தட்டிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு நான் வைத்த பெயர் கியா லோர். ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்த மோங் இனத்தாருக்கு இந்த ஊரிலேயே பிறந்த பெண், இந்த ஊர்க் கிழவர்களின் மூட்டுவலி முழுவதும் அத்துப்படி.

“மிஸ்டர் க்லிமெக், போன தடவை நாற்காலியைத் தள்ளிட்டு ஓடினது நீங்கதானே?”

“ஓடல. நடந்தேன்.”

“வேகமா நடந்தார்,” என்றாள் வெர்னா.

நார்பர்ட் ஹார்லனின் திட்டத்துப் பெயரைச் சொன்னான். அதையே போட்டுவிடும்படி கேட்டான்.

“யாரோடது இது?”

“என் நண்பனோடது. ஒரே ஆலை.”

“அவருக்குச் சர்க்கரை, இதயம், மூச்சு, மூணும் இருக்கா?”

“இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்தத் திட்டத்தை எடுக்கிறவங்களுக்கு அது மூணும் இருக்கும். அவரோட திட்டத்தைக் குடுக்கலாம், அவரோட வியாதியை எங்கேயிருந்து குடுக்கிறது?”

வெர்னா சிரித்துவிட்டாள். நார்பர்ட்டும் கொஞ்சம். பிறகு அவன் ரத்தக்குழாயைப் பற்றிச் சொன்னான். வெளி ஆள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கியா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

“ஜனவரின்னு சொல்றீங்க. சரி.”

“ஒண்ணு கேட்கணும்,” என்றான். “நான் சேர்ந்துட்டு, அப்புறம்... நான் இல்லேன்னா?”

அந்தப் பெண் முகத்தைச் சுளிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “ஒரு போன் பண்ணி நிறுத்திடலாம். நிறைய பேர் பண்ணியிருக்காங்க.”

“யார் பண்ணணும்?”

“வீட்டுல இருக்கிறவங்க.”

“நான் பண்ண மாட்டேன்,” என்றாள் வெர்னா. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அவங்க ஒரு பாட்டைப் போட்டுட்டு முக்கால் மணி நேரம் காக்க வைப்பாங்க. எனக்கு அது ஆகவே ஆகாது. அதனால மரியாதையா எழுந்து வந்துடு.”

வரிசையில் யாரோ இருமினார்கள்.

கியா திரையை அவன் பக்கம் திருப்பினாள். இரண்டு பெயர்கள் இருந்தன.

“மேல இருக்கிறது மருந்தே சாப்பிடாத ஒருத்தருக்கு. ரொம்ப மலிவு, உள்ளே ஒண்ணும் பெரிசா இல்ல. தண்டம் மேல மேல ஏறாம இருக்கிறதுக்குச் சேருற மாதிரி. கீழ இருக்கிறது ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கப் போறவருக்கு. மாசா மாசம் கூடுதலா ஆகும். நீங்க இதுல எந்த ஆளு?”

“நீயே சொல்லேம்மா. தினமும் பார்க்கிறே.”

“நான் சொல்லக் கூடாது. விளக்கலாம், தேர்ந்தெடுக்கக் கூடாது. அதுதான் எங்களுக்கு விதி.”

நார்பர்ட் வெர்னாவைப் பார்த்தான். அவள் தன் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்து

8

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். அச்சுப் பிழை என்று யாரும் எழுதிப் போடவேண்டாம்.

முடித்துப் பார்க்காமல் இல்லை. ஒரு முடிவில் “கீழ இருக்கிறது” என்கிறான். ஜனவரியில் கண் விழிக்கிறான், அடுத்த வேட்டையில் இவனும் ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைக்கிறான், நான்கு கிழவர்களும் கைதட்டுகிறார்கள். வாசித்தால் காப்பீட்டு விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இன்னொன்றில் கீழே இருப்பதைச் சொல்கிறான், விழிக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு பகல். வெர்னா போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டைக் கேட்டபடி, சன்னலுக்கு வெளியே அள்ளாத பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது மிக நன்றாக எழுத வந்தது. அப்படி வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதனைச் சாகடித்தால் என் எழுத்து தேறுகிறது என்றால் அந்தத் தேர்ச்சி எனக்கு எதற்கு? கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் மேலே இருப்பதைச் சொல்கிறான். உயிரோடும் வருகிறான். மருந்துக் கடையில் கல்லாப் பெண் விலையைச் சொல்கிறாள், அவன் வெர்னாவைத் திரும்பிப் பார்க்காமலே [இதற்கு மேல் ஓடவில்லை.]

என்னைத் தடுப்பது என்னவென்று ஒரு வாரமாக யோசித்தேன். எனக்கு ஜனவரி கையில் இருக்கிறது. முதலில் ஆபரேஷனை எழுதிவிட்டு, அவன் பிழைத்தானா என்று பார்த்துக்கொண்டு, அதற்கேற்ற பதிலை டிசம்பரில் அவன் வாயில் வைத்துவிடலாம். கதை எழுதுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், அதற்குப் பெயர் கட்டுக்கோப்பு. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வசதி இல்லை. ஆலையிலும் வேட்டையிலும் பக்கத்தில் நின்றவர்கள் யாரும் அங்கே இல்லை. சாகத் தயாராகிவிட்ட ஒருவன், பிழைக்கப் போகிறவன் சார்பில் வாய் திறந்து ஒரு சொல் சொல்ல வேண்டும்.

நான் சொல்ல மாட்டேன். கியாவுக்கு இருக்கும் விதியை எனக்கும் போட்டுக்கொள்கிறேன். விளக்கிவிட்டேன், தேர்ந்தெடுக்க மாட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள். ஆனால் ஜனவரியை எட்டிப் பார்க்காமல் சொல்ல வேண்டும். அவன் பிழைத்தானா என்று முதலில் என்னைக் கேட்டுவிட்டுச் சொல்வது ஆகாது. வெர்னாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம், அதை யாரும் தடுக்கவில்லை.

சீக்கிரம். வரிசையில் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள். ஐந்து மணிக்கு நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள்.